கேலனுக்குப் பதிமூன்று மைல்

மைல்ஸ் சிட்டி, மான்டானா
பிப்ரவரி 8, 2009

அன்புள்ள அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பிக்கப் வண்டியின் ஹீட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியதுதான். காபிகூட அப்புறம்தான். இரவு முழுக்க என்ஜினுக்குச் சூடு போய்க்கொண்டிருந்தும், சாவியைத் திருப்பியதும் இருமி, வெள்ளைப் புகை கக்கி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடித்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இடது முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் பெல்ட்டில் ஆணியால் குத்திய புதிய ஓட்டை ஒன்றைப் பார்த்தேன். கேட்டால் "பெல்ட் நீண்டுபோச்சு" என்றாய். தோல் நீளும், ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு நீளுமா?

என் வண்டியில் மூன்றாவது கியர் வழுக்குகிறது. ஹார்லனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "என்ஜின் இன்னும் ரெண்டு லட்சம் மைல் ஓடும் லோர்னா. அதைச் சுத்தி இருக்கறதுதான் ஒண்ணொண்ணா செத்துக்கிட்டு வருது" என்றான். "அப்ப என்ன பண்ணலாம்?" என்றேன். "என்ஜினை மட்டும் கழட்டி வீட்ல வெச்சுக்க. குளிருக்கு நல்லது" என்றான். இதற்கு இருபது டாலர் வாங்கிக்கொண்டான்.

ஆகவே அக்டோபரில் கன்றுகளைச் சந்தைக்கு இழுத்துப்போக உன் வண்டிதான். நீயே வருவதாகச் சொன்னாய். நாலு லட்சம் மைலை என் வாசலில்தான் தொடுவேன் என்றும் சொன்னாய். அப்பா அந்த வண்டியை வாங்கிய அன்று "இது நாலு லட்சம் பார்க்கும்" என்றார், நான் "பார்க்காது" என்றேன். என் தோல்வியை நேரில் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து, மேய்ச்சல் வேலியைச் சுற்றி மெதுவாக ஓட்டி, அந்த எண் புரளுவதைப் பார்க்க வேண்டும். எனக்கென்று இருக்கிற ஆள் நீ ஒருவன்தான். வராமல் இருந்துவிடாதே.

தொலைபேசியில் கேட்டிருப்பேன். முப்பது வருட டீசல் சத்தம் உன் காதில் மிச்சம் வைத்ததைக்கொண்டு நீ "என்னது?" என்று பதினோரு தடவை கேட்பாய். எழுதுவதே மேல்.

அப்பாவின் சட்டப்படி, டீசல் நிரப்பும்போதெல்லாம் எழுத வேண்டிய கணக்கு:
பிப்ரவரி 6. மீட்டர் 2,41,310. கேலனுக்கு 11.8. புல் ஏற்றியது. எதிர்க்காற்று.

உன் தங்கை,
லோர்னா


பிரிட்ஜ்போர்ட், நெப்ராஸ்கா
மார்ச் 30

பொடிசுக்கு,

நாற்பத்தாறு வயதான உன்னை இன்னும் இப்படி அழைப்பதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் ஓக்லஹோமா. கூலிக்கு இழுத்து வந்த நான்கு குதிரைகள், நான்கும் ஒன்றையொன்று வெறுப்பவை. வழியெல்லாம் டிரெய்லருக்குள் உதைத்துக்கொண்டு வந்தன. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. பசி கொஞ்சம் குறைவு, கடைச் சாப்பாடு அப்படி. உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒற்றடம் கொடு, நாயைப் பக்கத்தில் படுக்க வை.

வண்டிக்கு டீசல் பம்ப் மாற்றினேன், இது இரண்டாவது. டயருக்கு எண்பது பவுண்டு காற்று, வேகம் அறுபத்திரண்டு, அதற்கு மேல் போவதில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒருவன் விரலைக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த டீசல் பங்கில் அவன் நிரப்பிக்கொண்டு நின்றான். நான் கையசைத்துவிட்டு நிறுத்தாமல் போனேன். இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

அக்டோபருக்கு வருகிறேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு மைல் என்று வைத்தாலும் கணக்குச் சரியாக வரும். ஆப்பிள் பை வேண்டும்.

மார்ச் 28. மீட்டர் 3,90,118. கேலனுக்கு 13.4. நான்கு குதிரைகள்.

வெண்டெல்


மைல்ஸ் சிட்டி
ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

கன்று ஈனும் காலம். மூன்று வாரமாகச் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. நாற்பத்தொரு கன்றுகள், இரண்டு போய்விட்டன. அதில் ஒன்று பனியில் பிறந்து எழுந்திருக்கவே இல்லை. வண்டிக்குள் தூக்கி வந்து காலடியில் போட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். பத்து நிமிடம் என் பூட்ஸை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு இல்லை. ஒரு கன்றுக்காக அழுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டிக்குள் வேறு யாருமில்லை என்பதால் அழுதேன்.

நீ சாப்பிடுகிறாயா? பசி குறைவு என்று எழுதியிருந்தாய். உன்னிடமிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் படித்ததே இல்லை.

ஹார்லன் உன்னை விசாரித்தான். "உங்க அண்ணன் இன்னும் பாட்டிகளையெல்லாம் முன்னாடி விட்டுட்டுத்தான் ஓட்டறாரா?" என்றான். "ஆமா. பாட்டிங்க எல்லாம் இப்ப பட்டறையில நிக்கறாங்க, அவர் இன்னும் ஓடறார்" என்றேன்.

ஏப்ரல் 15. மீட்டர் 2,42,077. கேலனுக்கு 12.0. தீவன மூட்டைகள்.

பை உண்டு. லோர்னா


பிரிட்ஜ்போர்ட்
மே 28

பொடிசுக்கு,

அந்தக் கன்றைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். வேலை இருக்கிறது. வெயில் வந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை ஓபல் அம்மாள் வாரத்துக்கு ஒருமுறை சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை சமையலறையிலேயே நிற்கிறார். ஜெயில் மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்து, கேட்டதில்லை. அப்பா கடைசியில் உன் வீட்டில் இருந்த அந்த இரண்டு வருடம். நீ பள்ளிக்கூட வேலையை விட்டாய். உன் புருஷன் கர்ட்டிஸ் உன்னை விட்டுப் போனான். நான் டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் யாருடைய குதிரைகளையோ இழுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாலையோரத் தொலைபேசியில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். திரும்ப அப்படி ஒன்று வந்தால் நீ செய்வாயா? சும்மாதான் கேட்கிறேன். நீளமான சாலையில் இந்த மாதிரி யோசனைகள் வரும்.

ஏப்ரல் 14. மீட்டர் 3,91,062. கேலனுக்கு 18.7.
மே 5. மீட்டர் 3,91,540. கேலனுக்கு 18.9.
மே 26. மீட்டர் 3,92,021. கேலனுக்கு 19.1.

வெண்டெல்


மைல்ஸ் சிட்டி
ஜூன் 6
(அனுப்பவில்லை)

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையலறை மேசையில் விரித்து, பக்கத்தில் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்களைப் பார்க்காதே என்றால் எப்படி?

கேலனுக்குப் பத்தொன்பது மைல். டிரெய்லர் பின்னால் இருந்தால் உன் வண்டி பதிமூன்றுக்கு மேல் கொடுக்காது. நீ எதையும் இழுக்கவில்லை. வெறும் வண்டியை ஓட்டுகிறாய். சுமை என்னவென்று எழுதும் இடத்தில் இந்த முறை ஒன்றுமே எழுதவில்லை. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவன் ஆறு வாரத்தில் ஆயிரம்கூட ஓடவில்லை.

ஏப்ரல் பதினான்கு, மே ஐந்து, மே இருபத்தாறு. மூன்றும் செவ்வாய்க்கிழமைகள். மூன்று வார இடைவெளி. அப்பாவுக்கும் அதே இடைவெளியில்தான் மருந்து ஏற்றினார்கள். நான்தான் கூட்டிப்போனேன், மறக்குமா?

உள்ளூர் ஓட்டத்தைக் கழித்தால் ஒவ்வொரு தடவையும் நானூற்று இருபது மைல். உன் வாசலிலிருந்து, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற டென்வருக்குப் போய்த் திரும்பும் தூரம் அது. உன் வாசலிலிருந்து என் வாசலுக்கும் அதே தூரம்தான். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்கு வருகிற அளவு ஓட்டிவிட்டு, உன் வீட்டிலேயே போய் இறங்குகிறாய்.

பொய் சொல்ல வேண்டியிருந்தால் பதிமூன்று என்று எழுதியிருக்கலாமே அண்ணா. உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிய அதே கை அதையும் எழுதியிருக்கும். உன்னால் முடியவில்லை. பதினாறு வயதில் 11.6 வந்ததை 12 என்று எழுதியதற்காக அப்பா உன்னோடு மூன்று நாள் பேசவில்லை. "மைலேஜ் விழறதுதான் வண்டி சொல்ற முதல் வார்த்தை. அதையே மாத்தி எழுதினா அப்புறம் அது வேற எப்படிச் சொல்லும்?" என்றார். அதன்பிறகு நீ ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை.

செய்வேன். நீ கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். இன்றே கிளம்புவேன். ஆனால் அதை எழுதினால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துபோகும். நீயாகச் சொல்ல வேண்டும் என்றுதானே இருக்கிறாய்.


மைல்ஸ் சிட்டி
ஜூன் 7

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை, புல் முழங்கால் உயரம். கன்றுகள் கொழுத்துவிட்டன. ஓபல் அம்மாளுக்கு என் நன்றி. சூப்பைக் குடி.

அது என்ன கேலனுக்குப் பத்தொன்பது? பம்ப் மாற்றியதில் வண்டிக்கு இளமை திரும்பிவிட்டதா? அப்பா இருந்திருந்தால், "வெண்டெல் இப்ப காத்தை ஏத்திக்கிட்டுப் போறானா?" என்று கேட்டிருப்பார்.

நானும் கேட்கிறேன். வேலை இருக்கிறது என்கிறாய். எதை இழுக்கிறாய்?

ஜூன் 3. மீட்டர் 2,42,690. கேலனுக்கு 15.4. காலி.

லோர்னா


பிரிட்ஜ்போர்ட்
ஜூலை 9

பொடிசுக்கு,

நீயும் அப்பாவும் ஒரே அச்சு. ஒரு மனிதன் நாலு நாள் வெறும் வண்டி ஓட்டினால் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவீர்கள். இந்த மாதம் இழுத்துக்கொண்டுதான் போனேன். கீழே பார்.

இங்கே காற்று பகல் பன்னிரண்டுக்கு எழுந்தால் சாயங்காலம்வரை விடாது. டிரெய்லர் பின்னால் பாய்மரம் மாதிரி இழுக்கிறது. கை கொஞ்சம் மரத்துப்போகிறது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதால். மற்றபடி நலம். உன் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுது.

ஜூன் 16. மீட்டர் 3,92,498. கேலனுக்கு 13.2. சுமை உண்டு.
ஜூலை 7. மீட்டர் 3,92,980. கேலனுக்கு 12.9. சுமை உண்டு. எதிர்க்காற்று.

வெண்டெல்


மைல்ஸ் சிட்டி
ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

பதிமூன்று! கடிதத்தைப் பிரித்ததும் கடைசியிலிருந்துதான் படித்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதே. ஏதேதோ நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் என் முட்டாள்தனம். தனியாக இருப்பவளுக்கு வரைபடமும் பென்சிலும் கொடுக்கக் கூடாது.

முழங்கால் தேவலை. ஹார்லனிடம் நீ அக்டோபரில் வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். "நாலு லட்சம் பார்க்கறதுக்கு டிக்கெட் உண்டா?" என்கிறான். "உனக்கு இருபது டாலர்" என்றேன்.

ஆப்பிள் மரம் இந்த வருடம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. அறையை ஒழித்து வைத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கலாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும்.

ஜூலை 18. மீட்டர் 2,43,502. கேலனுக்கு 12.2. இரண்டு காளைகள்.

லோர்னா


பிரிட்ஜ்போர்ட்
செப்டம்பர் 11

லோர்னா,

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அக்டோபர் கொஞ்சம் சந்தேகம். மீட்டர் நான் நினைத்த வேகத்தில் ஏறவில்லை. நாலு லட்சத்துக்கு இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம் பாக்கி. கன்றுகளுக்கு ஹார்லனைக் கேட்டுப் பார். வண்டியை உன் பெயருக்கு மாற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். எனக்குச் சின்னதாக ஒன்று போதும். என்ஜின் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு ஏழாயிரத்துக்கும் ஆயில் மாற்று. அறுபத்திரண்டுக்கு மேல் போகாதே.

அறையை ஒழித்து வைத்ததற்கு நன்றி.

செப்டம்பர் 8. மீட்டர் 3,94,402. கேலனுக்கு 12.4. சுமை உண்டு.

வெண்டெல்


பிரிட்ஜ்போர்ட்
செப்டம்பர் 30

அன்புள்ள லோர்னா,

நான் ஓபல் ஸ்டென்சில், வெண்டெலின் பக்கத்துப் பண்ணை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் எழுதப்போவது நல்ல செய்தி இல்லை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த நொடியில் பதில் சொல்ல என்னால் முடியாது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முகவரியை அவர் வண்டியிலிருந்த உங்கள் கடித உறையிலிருந்து எடுத்தேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய், உங்கள் அப்பாவுக்கு வந்த அதேதான். ஏப்ரலிலிருந்து டென்வரில் மருந்து ஏற்றிக்கொண்டார். நேற்றுக் காலை டிரெய்லரை மாட்டும்போது கீழே விழுந்துவிட்டார். ஸ்காட்ஸ்ப்ளஃப் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். டாக்டர் வாரக் கணக்கில்தான் பேசுகிறார்.

டிரெய்லர் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம். ஜூனில் ஒருநாள் வந்து, "ஓபல், அறுபது கட்டுப் புல் வேணும். இரவல்" என்றார்.

"குதிரையே இல்லாத ஆளுக்குப் புல் எதுக்கு?"

"டென்வர் போகணும்."

"டென்வர்ல சாப்பாடு அவ்வளவு மோசமா?"

"திருப்பிக் கொண்டாந்துடுவேன். ஒரு கட்டு குறையாது."

ஏற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அதே அறுபது கட்டோடு திரும்பி வந்தார், முகம் சாம்பல் நிறமாக. இறக்கவா என்றேன். வேண்டாம், அடுத்த தடவைக்கு இருக்கட்டும் என்றார். அந்தப் புல் ஐந்து தடவை டென்வருக்குப் போய்வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டிரெய்லர் நிறுத்த இடமில்லை. ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டு, டாக்ஸியில் போய் ஊசி போட்டுக்கொண்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருநூற்றுப் பத்து மைல் ஓட்டி வருவார்.

"நான் ஓட்டறேன், தள்ளு" என்று சண்டை போட்டேன். "நீ எழுபத்தஞ்சுல போவே. மைலேஜ் போயிடும்" என்றார்.

ஆகஸ்டில்தான் காரணம் சொன்னார். "என் தங்கச்சி நம்பரைப் பார்த்துட்டா. இழுக்கறியான்னு கேட்டா. இழுத்தாத்தான் பதிமூணு வரும்."

"பதிமூணுன்னு எழுதித் தொலையேன்யா! யார் வந்து பார்க்கப்போறா?"

நான் கடவுளைத் திட்டியதுபோல என்னைப் பார்த்தார்.

உங்களிடம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். "அவ ஏற்கெனவே ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் கொடுத்துட்டா. திரும்பச் செய்வியான்னு கேட்டு எழுதினேன். எல்லாத்துக்கும் பதில் எழுதினா, அதுக்கு மட்டும் எழுதல. அதுவே பதில்" என்றார்.

வாருங்கள். சீக்கிரம் வாருங்கள்.

ஓபல்


பிரிட்ஜ்போர்ட்
அக்டோபர் 19

அன்புள்ள அண்ணா,

உன் வண்டியில், உன் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கித்தான் பழக்கம். கை அங்கேயே நின்றுவிட்டது. உன்னை மண்ணில் வைத்து ஐந்து நாள் ஆகிறது.

எனக்கு உன்னோடு ஒரு வாரம் கிடைத்தது. முதல் நாள் கதவருகே நான் நின்றபோது நீ கண்ணைத் திறந்ததும் கேட்டது இதைத்தான்.

"எதுல வந்தே?"

"என் வண்டில!" உன் காதுக்காகக் கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"மூணாவது கியர்?"

"போடவே இல்ல. ரெண்டுலேர்ந்து நேரா நாலு."

"எவ்வளவு கொடுத்துச்சு?"

"பதினெட்டு." உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

"பொய். அந்த வண்டி பொறந்ததுலேர்ந்து பதினாறைத் தாண்டினதில்ல."

"பதினஞ்சரை."

"அது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

மீதி ஆறு நாளும் ஆயிலைப் பற்றி, டயரைப் பற்றி, அந்த நான்கு குதிரைகளைப் பற்றி. ஓபல் எனக்கு எழுதியது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். புல்லைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாவது நாள் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது, "செய்வேன் அண்ணா. அப்பவே எழுதி வெச்சேன், அனுப்பல" என்று சொன்னேன். கத்தவில்லை. சாதாரணக் குரலில் சொன்னேன். அதனால் உனக்குக் கேட்டிருக்காது.

டேஷ்போர்டுப் பெட்டியில் உன் மைலேஜ் புத்தகம் இருந்தது. ஏப்ரல், மே வரிகளில் சுமை என்ற இடத்தில் "காலி" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டாய். ஜூனிலிருந்து "புல், 60 கட்டு". எங்கே போனாய் என்ற இடம் மட்டும் எல்லா வரியிலும் வெறுமை.

ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஜூலையில் நீ எழுதிய தேதிகளை நான் பார்த்தேன். ஜூன் பதினாறு, ஜூலை ஏழு. செவ்வாய்க்கிழமைகள். அதே மூன்று வாரம், உள்ளூர் ஓட்டத்தோடு சேர்த்து மீட்டரில் அதே நானூற்று எண்பது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாத கணக்கு. நான் போடவில்லை. பதிமூன்று என்ற எண் எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கிண்டலாக ஒரு வரி எழுதினேன், நீ அதற்காக ஆறு டன் வண்டியைக் காற்றில் இழுத்தாய். நேராகக் கேட்டிருந்தால் நீ திட்டியிருப்பாய், பிறகு சொல்லியிருப்பாய். ஐந்து பயணத்தையும் நான் ஓட்டியிருப்பேன். அறுபத்திரண்டிலேயே.

கன்றுகளை ஹார்லன் ஏற்றிப்போய்விட்டான். காசு வாங்கவில்லை. என் வண்டியை இங்கேயே ஓபலிடம் விட்டுவிட்டு, உன் வண்டியில் நாளைக் காலை ஊருக்குக் கிளம்புவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். டிரெய்லர் இன்னும் நீ விட்ட இடத்திலேயே, பாதி மாட்டியபடி நிற்கிறது. ஓபல் வந்து, "புல்லை இறக்கிடலாமா?" என்றார். "வேண்டாம், என் மாடுகளுக்கு ஆகும்" என்றேன். "அஞ்சு தடவை டென்வர் போன புல்லு, இனிமே அதுக்குத் தனியாவே வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்க ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

நாளை செவ்வாய்க்கிழமை. உன் கணக்கில் அடுத்த முறை வர வேண்டிய செவ்வாய்க்கிழமை அதுதான். நான் நெடுஞ்சாலைக்குப் போனதும் வடக்கே திரும்பப்போவதில்லை, தெற்கே திரும்புவேன். டயருக்கு எண்பது பவுண்டு வைத்துவிட்டேன். அறுபது கட்டையும் எண்ணிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை. லாரிகள் நிற்கும் அந்த இடத்தில் நிறுத்தி, ஊசி ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன். பகல் பன்னிரண்டுக்குக் காற்று எழுந்தபிறகுதான் திரும்புவேன்.

வந்து டீசல் நிரப்பி, உன் புத்தகத்தில் அடுத்த வரியை எழுதுவேன். நீ வெறுமையாக விட்ட இடத்தில் டென்வர் என்று எழுதுவேன். மைலேஜ் எவ்வளவு வருகிறதோ, அதை.

லோர்னா